லிஃப்ட்டா, கியரா? டயரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்

தம்பி, டென்வர் வந்த முதல் வருடத்திலேயே டொயோட்டா டகோமா பிக்கப் வாங்கிவிட்டீர்கள், ரொம்ப சந்தோஷம். 2017 மாடல், வி6, ஆட்டோமேட்டிக், ஃபோர் வீல் டிரைவ், முன்பு வைத்திருந்தவர் போட்டுவிட்டுப் போன 33 அங்குல டயர். மலை ஏறும்போது வண்டி திணறுகிறது; கையில் இருக்கும் காசுக்கு சஸ்பென்ஷனை உயர்த்தும் லிஃப்ட் போடுவதா, ஆக்ஸிலுக்குள் இருக்கும் கியரை மாற்றுவதா என்று கேட்டிருந்தீர்கள். லிஃப்ட் வேண்டாம். இந்த டயரிலேயே ஓட்டப் போகிறீர்கள் என்றால் கியர்.

லிஃப்ட் போட்டால் பாடி உயரும், இழுவை அதிகமாகாது. கரடுமுரடான பாதையில் கல்லில் இடிபடுவது பெரும்பாலும் பின் ஆக்ஸிலின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரென்ஷியல்தான் (இன்ஜின் சக்தியை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி). எத்தனை அங்குல லிஃப்ட் போட்டாலும் அது இருந்த இடத்திலேயே இருக்கும். அதைத் தரையிலிருந்து உயர்த்துவது டயர் மட்டும்தான், அந்த ஒரு அங்குலம் உங்களுக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது டயர் உரசினால், சக்கர வளைவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் லைனரைக் கொஞ்சம் வெட்டிப் பாருங்கள். 3 அங்குலத்துக்கு மேல் தூக்கினால் முன் ஆக்ஸில் சாய்வாக நின்று அதன் ரப்பர் பூட் சீக்கிரம் கிழியும். அலைன்மென்ட் சரியாக உட்கார முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல் கன்ட்ரோல் ஆர்மும் மாற்ற வேண்டிவரும். செலவு அதோடு நிற்காது.

இப்போது கியருக்கு வருவோம். உங்கள் வண்டியின் ஆக்ஸில் ரேஷியோ 3.91; அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்ட் 3.91 சுற்று சுற்ற வேண்டும், இந்த எண் ஏறினால் இழுவையும் ஏறும். கம்பெனி டயர் சுமார் 30.6 அங்குலம். டயர் 33 ஆனதும் அதே 3.91, 3.63 போல வேலை செய்கிறது; பெரிய கியரில் சைக்கிளை வைத்துக்கொண்டு மேடு ஏறுவது மாதிரிதான். டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் அடி உயரத்துக்குச் சுமார் 3 சதவீதம் சக்தி இழக்கும். ஐ-70 சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கும் மேலே இருக்கிறது, அங்கே போய்ச் சேரும்போது மூன்றில் ஒரு பங்கு சக்தி இல்லை. ஐடஹோ ஸ்பிரிங்ஸ் தாண்டியதும் கியர்பாக்ஸ் ஆறுக்கும் நாலுக்கும் நடுவே அலைபாய்வது இதனால்தான். கணக்குப்படி பழைய நிலைக்கு வர 4.22 போதும். இந்த உயரத்தையும் பின்னால் ஏற்றும் சாமானையும் நினைத்தால் நான் 4.88 போடத்தான் சொல்வேன்.

முன், பின் இரண்டு டிஃபரென்ஷியலையும் ஒரே ரேஷியோவுக்கு மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ஃபோர் வீல் போட்டால் எல்லாம் முறுக்கி உடையும். கூலியும் சேர்த்து 2,000 முதல் 3,000 டாலர் வரை ஆகலாம். இதில் விலையைவிட கைதான் முக்கியம். டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் பெரிய ரிங் கியரின் பற்களில் மஞ்சள் பேஸ்ட் தடவிச் சுற்றிப் பார்ப்பார்கள். அதைச் சுற்றவைக்கும் சின்ன கியரான பினியன் உரசிய தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தால் ஹைவேயில் ஊளைச் சத்தம் கேட்கும், கொஞ்ச நாளில் பல்லே போய்விடும். அந்தத் தடத்தின் போட்டோவைக் கேளுங்கள். தரத் தயங்கும் கடைக்கு வண்டியைக் கொடுக்காதீர்கள்.

இன்னொரு வழியும் உண்டு, உங்களுக்கு அதுவே பொருந்தும் என்று நினைக்கிறேன். ஆபீஸ், சனிக்கிழமை பனிச்சறுக்கு, எப்போதாவது ஒரு மண் பாதை என்றால், இந்த டயரை விற்றுவிட்டு கம்பெனி அளவுக்கே திரும்பிவிடுங்கள். பழைய ரேஷியோவே நன்றாக இழுக்கும். இப்போது ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நீங்கள் கிட்டத்தட்ட 65-இல் போய்க்கொண்டிருக்கிறீர்கள், அதுவும் சரியாகும். டயர் எந்த அளவானாலும் அதன் பட்டனின் (டிரெட்) ஆழத்தைப் பாருங்கள்: செப்டம்பர் 1 முதல் மே 31 வரை மோரிசனுக்கும் டொட்செரோவுக்கும் இடையே ஐ-70-இல் குறைந்தது 3/16 அங்குலம் இருக்க வேண்டும்.

எதை மாற்றினாலும் இன்ஷூரன்ஸில் சொல்லிவிடுங்கள். நம் ஊரில் வண்டியின் அமைப்பை மாற்ற ஆர்டிஓ அனுமதி வேண்டும், இங்கே அந்த அளவுக்குக் கெடுபிடி இல்லை. ஆனால் வெளியில் வாங்கிப் போட்ட பாகங்களுக்கு பாலிசியில் தனியாக ஒரு வரம்பு இருக்கும்.

கியர்தான் என்று முடிவு செய்தால், முதல் 500 மைல் எதையும் கட்டி இழுக்காதீர்கள். முதல் நாள் இருபது நிமிடம் ஓட்டி, நன்றாக ஆறவிட்டு மறுபடி ஓட்டுங்கள். 500 மைல் ஆனதும் இரண்டு டிஃபரென்ஷியலிலும் ஆயிலை மாற்றிவிடுங்கள்.