டிஃபெனஸ்ட்ரேஷன் என்றால் என்ன? அதை ஏன் விளையாட்டாகச் சொல்கிறார்கள்?

ஒருவரையோ ஒரு பொருளையோ ஜன்னல் வழியாக வெளியே தூக்கி எறிவது. அவ்வளவுதான் அர்த்தம். லத்தீனில் ஃபெனஸ்ட்ரா என்றால் ஜன்னல். முன்னால் வரும் 'டி', அதிலிருந்து வெளியே என்பதைக் குறிக்கிறது.

இதற்கென்று தனியாக ஒரு சொல் ஏன்? காரணம் இன்றைய செக் நாட்டிலுள்ள பிராக் நகரம். 1618 மே 23 அன்று, மத உரிமைத் தகராறில் கோபம் தலைக்கேறிய புராட்டஸ்டன்ட் பிரபுக்கள், தங்களை ஆண்ட கத்தோலிக்கப் பேரரசரின் பிரதிநிதிகள் இருவரையும் அவர்களுடைய செயலாளரையும் பிராக் கோட்டை ஜன்னலிலிருந்து தூக்கிப் போட்டார்கள். கிட்டத்தட்ட 20 மீட்டர் உயரம். ஆனாலும் மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். செயலாளர் ஃபாப்ரிசியஸுக்குப் பின்னாளில் 'உயர வீழ்ச்சி' என்று பொருள்படும் பிரபுப் பட்டமே கிடைத்தது! எனக்கு மிகவும் பிடித்த தகவல் இது. சம்பவம் என்னவோ ஐரோப்பாவின் பெரும் போர்களில் ஒன்றான முப்பதாண்டுப் போரில் போய் முடிந்தது.

சரி, இன்றைய விளையாட்டுக்கு வருவோம். பாடாய்ப் படுத்தும் பிரிண்டரை 'டிஃபெனஸ்ட்ரேட் பண்ணப்போகிறேன்' என்பார்கள். கணினியிலிருந்து விண்டோஸை நீக்குவதையும் கணினி ஆட்கள் இப்படியே சொல்வதுண்டு. விண்டோஸ் என்றாலே ஜன்னல்கள்தானே. கொட்டாவி விடுவதை அரசாணை நடையில் அறிவிப்பது போல, சின்ன விஷயத்துக்குப் பெரிய சொல் வந்து உட்காருவதில்தான் சிரிப்பு.

உயரத்திலிருந்து எதை எறிந்தாலும் இந்தச் சொல் பொருந்தும் என்று பலர் நினைக்கிறார்கள். மொட்டைமாடியிலிருந்து எறிந்தால் பொருந்தாது, ஜன்னல் கட்டாயம் வேண்டும்.