சிறுவர் ஊழியத்துக்கு ஒரு நாள் போதுமா?

கேள்வி: எங்கள் சபையில் நாளைக்குப் போதகர்களாகவும் மூப்பர்களாகவும் வரப்போகிறவர்களுக்கு ஓராண்டுப் பயிற்சி நடக்கிறது. வேதபாடம், பிரசங்கம், நிர்வாகம் எல்லாம் உண்டு. சிறுவர், குடும்ப ஊழியத்துக்கு ஒரே ஒரு நாள் ஒதுக்கி, அதை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். "அது ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் வேலைதானே, எங்களுக்கு எதற்கு?" என்று பயிற்சிக்கு வருகிறவர்களே கேட்கிறார்கள். சிலருக்கு இன்னும் திருமணமும் ஆகவில்லை. அந்த ஒரு நாளில் எதைச் சொல்லிக்கொடுப்பது?
– ஒரு சகோதரி

பதில்: அன்புள்ள சகோதரி, ஒரு நாள் போதாது. ஆனால் அட்டவணை உங்கள் கையில் இல்லையே! கிடைத்த நாளைப் பாட்டு, பொம்மலாட்டம், கைவேலை என்று செலவழித்துவிடாதீர்கள். போதகருக்குப் பொம்மலாட்டம் தெரியாவிட்டால் குடிமுழுகிப் போய்விடாது. தலைமையில் இருப்பவர் மட்டுமே செய்யக்கூடிய காரியங்கள் சில இருக்கின்றன. அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

"எங்களுக்கு எதற்கு?" என்று கேட்கிறவர்களுக்கு மாற்கு 10ஆம் அதிகாரத்தை வாசிக்கக் கொடுங்கள். பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களை அதட்டியது யார்? பரிசேயர்கள் இல்லை, சீஷர்கள். அதாவது, தலைமைக்குப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தவர்கள். இயேசு விசனமடைந்ததும் அவர்கள்மேல்தான்.

ஞாயிறு பள்ளியின் வரலாற்றையும் கொஞ்சம் சொல்லுங்கள். 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் அதைத் தொடங்கியபோது, மற்ற நாட்களில் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பது அதன் முக்கிய நோக்கம். வேதாகமம் அங்கே பாடப்புத்தகமாகவும் இருந்தது. விசுவாசக் குடும்பங்களின் பொறுப்பை வாங்கிக்கொள்ள வந்த ஏற்பாடு இல்லை அது. அதற்கு வெகுமுன்பே, 1529இல் ஜெர்மனியின் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர், விசுவாசத்தின் அடிப்படைகளைக் கேள்வி-பதிலாகச் சொல்லும் 'சிறிய ஞானோபதேசம்' என்ற நூலை எழுதினார். குடும்பத் தலைவர் தன் வீட்டாருக்கு எளிமையாகக் கற்பிக்க வேண்டியது இது என்றுதான் அதன் பகுதிகளுக்குத் தலைப்பிட்டார். உபாகமம் 6:7இல் வீட்டில் உட்காருவது, வழியில் நடப்பது, படுப்பது, எழுந்திருப்பது எல்லாம் வருகிறது. வகுப்பறை வரவில்லை.

அப்படியானால் தலைவரின் வேலை, பெற்றோருக்குப் பின்னால் நின்று தாங்குவது. இதில் யாரும் பேசாத ஒரு விஷயம் உண்டு: சபை நாட்காட்டி. திங்கள் கமிட்டி, புதன் ஜெபக்கூட்டம், வெள்ளி உபவாசம், சனி பாடகர் பயிற்சி என்று மாலைகளை எல்லாம் நிரப்பிவிட்டு, "குடும்ப ஜெபம் குறைந்துவிட்டது" என்று பிரசங்கம் செய்தால் எப்படி? உங்கள் சபையின் ஒரு மாத அட்டவணையைப் பலகையில் எழுதி, இரண்டு சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அதில் எத்தனை மாலை மிச்சமாகிறது என்று பயிற்சிக்கு வருகிறவர்களையே எண்ணச் சொல்லுங்கள். எதை நிறுத்தலாம் என்று அங்கேயே விவாதிக்க வையுங்கள். சண்டை வரும், வரட்டும்.

இன்னொன்று, குடும்பம் என்றதும் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்ற படத்தையே மனதில் வைத்துப் பேசும் பழக்கம். தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய், பேரப்பிள்ளையை வளர்க்கும் தாத்தா, மாற்றுத்திறனாளிப் பிள்ளையின் சத்தத்துக்குப் பயந்து ஆராதனைக்கே வராத பெற்றோர் என எல்லாரும் சபையில் இருக்கிறார்கள். தங்கள் பிரசங்கக் குறிப்பு ஒன்றைக் கொண்டுவந்து, இவர்கள் காதில் அது எப்படி விழும் என்று பயிற்சிக்கு வருகிறவர்கள் பார்க்கட்டும்.

நாளின் முதல் மணி நேரத்தைப் பிள்ளைகளின் பாதுகாப்புக்கு வையுங்கள். கடைசியில் வைத்தால் நேரமில்லை என்று விட்டுவிடுவார்கள். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக, பிறர் கண்ணுக்குப் படாத இடத்தில் இருக்கக்கூடாது. இந்த விதி போதகருக்கும் உண்டு. புதிதாக உதவிக்கு வருகிறவரை விசாரிக்காமல் வகுப்பில் விடக்கூடாது, எவ்வளவு ஆட்பற்றாக்குறை என்றாலும் சரி. ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொன்னால், அமைதியாகக் கேட்க வேண்டும். துருவித் துருவிக் கேட்கக்கூடாது, "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது. உடனே சட்டப்படி அறிவிக்க வேண்டிய இடத்தில் அறிவிக்க வேண்டும். அது எந்த இடம் என்பதை ஒவ்வொருவரும் முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டும். "சபைக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம்" என்பதும், மன்னித்துவிடு என்று பிள்ளையை நெருக்குவதும் பாவம். சிறியவரை இடறப்பண்ணுகிறவன் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்துவது அவனுக்கு நலம் என்று மத்தேயு 18:6இல் சொன்ன இயேசு, அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அப்புறம், பிள்ளைகளின் தீர்மானங்களை எண்ணிக்கைக் கணக்காக்கும் ஆசை. சின்னப் பிள்ளைகள் பெரியவர்களைச் சந்தோஷப்படுத்தக் கையைத் தூக்குவார்கள். "இயேசு உன் இருதயத்துக்குள் வருவார்" என்றால் நெஞ்சைத் தடவிப் பார்க்கிற வயது அது. நரகத்தைக் காட்டிப் பயமுறுத்துவதும் பரிசுப்பொருளைக் காட்டி அழைப்பதும் வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிடுங்கள். அதைவிட, கேள்விகளுக்குப் பழக்குங்கள். பன்னிரண்டு வயது இயேசு ஆலயத்தில் கேட்டுக்கொண்டும் வினாவிக்கொண்டும் இருந்தார் என்று லூக்கா எழுதுகிறாரே. "பாட்டிக்காக ஜெபம் பண்ணினேனே, ஏன் செத்துப்போனாங்க?" என்று ஒருவர் பிள்ளையைப் போலக் கேட்கட்டும், இன்னொருவர் பதில் சொல்லட்டும். "எனக்கும் தெரியவில்லை, எனக்கும் வருத்தமாக இருக்கிறது" என்பது செல்லுபடியாகும் பதில். மூன்று நிமிடப் பிரசங்கம் செல்லாது.

திருமணமாகாதவர்கள் தயங்க வேண்டியதில்லை. பவுல் மனைவி, பிள்ளைகள் இல்லாமல்தான் ஊழியம் செய்தார். ஆனால் தீமோத்தேயுவின் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி நினைவுகூருகிறார். அந்த வீட்டில் தகப்பன் கிரேக்கன், பிள்ளைக்கு முன்னால் விசுவாசத்தில் நின்றவர்கள் பாட்டியும் தாயும்தான் என்பதையும் மறந்துவிடாதீர்கள். உங்கள் இளைஞர்கள் பிள்ளை வளர்ப்பைப் பற்றி இப்போதைக்கு ஆலோசனை சொல்லாமல், இரண்டு மூன்று வீடுகளுக்குப் போய், "பிள்ளைகளோடு ஜெபிப்பதில் உங்களுக்கு எது கஷ்டமாக இருக்கிறது?" என்று மட்டும் கேட்டுவிட்டு வரட்டும். பயிற்சி நாளுக்கு முன்பே இதைச் செய்யச் சொன்னால், அன்றைக்குப் பேச வேண்டிய பாதி விஷயத்தை அவர்களே கொண்டுவருவார்கள்.