வாசகர் கேள்வி: மலைப் பள்ளிக்குப் புத்தகம் திரட்டுகிறோம்

கேள்வி: எங்கள் குடியிருப்பில் அறுபது வீடுகள் உள்ளன. ஒடுகத்தூருக்கு மேலே, ஜவ்வாது மலையில் பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் அரசுப் பள்ளி ஒன்றுக்கு, பழைய புத்தகங்களும் எழுதுபொருள்களும் சேர்த்து ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன் கொண்டுபோய்க் கொடுக்க எண்ணியிருக்கிறோம். எவற்றை வாங்கலாம், எவற்றை மறுக்கலாம்?
– ஒரு வாசகி, சத்துவாச்சாரி, வேலூர்

பதில்: அந்தப் பள்ளியின் தலைமையாசிரியரிடமும் விடுதிக் காப்பாளரிடமும் பேசினீர்களா என்ற செய்தி உங்கள் கடிதத்தில் இல்லை. அவர்களிடம் பேசாமல் ஒரு வீட்டுக் கதவையும் தட்டாதீர்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். பாடநூல், நோட்டுப் புத்தகம், சீருடை, புத்தகப்பை, காலணி, வண்ணப் பென்சில், ஜாமெட்ரி பாக்ஸ் போன்றவற்றை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசே விலையில்லாமல் வழங்கி வருகிறது. இது தெரியாமல் அறுபது வீட்டாரும் நோட்டு வாங்கிக் குவித்தால், உண்மையில் தேவைப்பட்ட ஏதோ ஒன்றுக்குப் போயிருக்க வேண்டிய பணம் அதில் முடங்கிவிடும். தங்கிப் படிக்கும் பிள்ளைகளின் தேவை, வீட்டிலிருந்து வந்துபோகும் பிள்ளைகளின் தேவையிலிருந்து வேறுபட்டது. மார்கழி, தை மாதங்களில் மலையில் இறங்கும் குளிருக்குப் போர்வை வேண்டும் என்று காப்பாளர் சொல்லலாம். பாய், சோப்பு, கொசுவலை என்று சொல்லலாம். புத்தகங்களை வைக்க ஓர் இரும்பு அலமாரி இல்லை என்றும் சொல்லலாம். கேட்டால்தான் தெரியும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நானும் நண்பர்களும் காட்பாடிப் பக்கம் வீடு வீடாக ஏறி இறங்கி, பதினொரு கோணிப்பை நிறையப் புத்தகங்களைத் திரட்டி, குட்டியானை வண்டியில் ஏற்றி ஒரு மலையடிவாரப் பள்ளியில் இறக்கினோம். மறு ஆண்டு வேறு வேலையாக அங்கே சென்றபோது, ஒன்பது மூட்டைகள் அவிழ்க்கப்படாமலே கிடந்தன. அடியில் இருந்த இரண்டைக் கரையான் அரித்திருந்தது. பிரித்துப் பார்த்தோம். பாடத்திட்டம் மாறியதால் பயனற்றுப்போன பாடநூல்கள், பொறியியல் கல்லூரிப் பிள்ளைகளின் நூல்கள், விடை எழுதி முடித்த பயிற்சி ஏடுகள், அட்டை போன வார இதழ்கள் ஆகியவையே பெரும்பகுதி. எங்கள் மனம் நோகக்கூடாது என்பதற்காக அந்தத் தலைமையாசிரியை, இரண்டு வகுப்புகள் ஒன்றாக நடக்கும் ஓர் அறையின் மூலையை ஓராண்டு முழுவதும் அந்த மூட்டைகளுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆகவே, பிரித்தெடுக்கும் வேலை முழுவதையும் வேலூரிலேயே முடித்துவிடுங்கள். 2018-19 கல்வியாண்டில் தொடங்கி மாநிலப் பாடநூல்கள் படிப்படியாகப் புதிதாக எழுதப்பட்டன. அதற்கு முந்தைய பாடநூல்களும் அவற்றை ஒட்டிய கைடுகளும் பழைய பேப்பர் கடைக்கே போகட்டும், அதில் வரும் பணத்தைப் புதுப் புத்தகம் வாங்கும் கணக்கில் சேருங்கள். நிலவரைபடங்களில் ஒரு சிறு சோதனை செய்யலாம். 2019இல் நம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகக் காட்டப்படாத தமிழ்நாட்டு வரைபடத்தைப் பள்ளிச் சுவரில் மாட்டினால், பிள்ளை தன் ஊரையே தவறாகப் படித்துக்கொள்ளும்.

மறுக்காமல் வாங்க வேண்டியவை கதைப் புத்தகங்கள். அதிலும், பெரிய எழுத்தும் பக்கத்துக்கு ஒரு படமும் நாலைந்து வரியும் கொண்ட தமிழ்ப் புத்தகங்கள் எத்தனை கிடைத்தாலும் போதாது. நம் வீடுகளில் இருந்து வருபவை பெரும்பாலும் ஆங்கிலப் படக்கதைகளாகவே இருக்கின்றன. அவற்றை ஒதுக்க வேண்டாம், ஆனால் வீட்டில் புத்தகமே பார்த்திராத, முதல் தலைமுறையாக எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்குத் தொடக்கம் தமிழில்தான் அமைய வேண்டும். அறுபது வீட்டாரும் வீட்டுக்கு நூறு ரூபாய் கொடுத்தால் சேரும் 6,000 ரூபாயில், நேஷனல் புக் டிரஸ்ட் போன்ற பதிப்பகங்கள் குறைந்த விலையில் வெளியிடும் சிறுவர் நூல்களைக் கணிசமாக வாங்கிவிடலாம். பழைய புத்தகங்களைத் தேடி அலைவதைவிட இது பல நேரங்களில் நல்ல வழி என்பது என் கருத்து.

பாதி எழுதிய நோட்டுகளையும் வீணாக்க வேண்டாம். வெற்றுத் தாள்களைப் பிரித்து, அளவு பார்த்து அடுக்கி, கெட்டி அட்டை போட்டுத் தைத்தால் ரஃப் நோட்டுக்கு நன்றாக உதவும். உங்கள் குடியிருப்புப் பிள்ளைகளே விடுமுறையில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலைதான். பைண்டிங் கடைகளில் பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நஞ்சு என்பதால், சிறு குழந்தைகள் கையாளும் நோட்டுகளுக்கு வெறும் மைதாப் பசையே போதும் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இப்படிப் பொருளாகக் கொடுத்தால் வருமான வரிச் சலுகை கிடைக்குமா?
– ஒரு வாசகர், ராணிப்பேட்டை

பதில்: கிடைக்காது. அந்தச் சலுகை பணமாகக் கொடுப்பதற்கு மட்டுமே உரியது; பணத்திலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது. புதிய வரிமுறையைத் தேர்ந்துகொண்டவர்களுக்கும் இல்லை. ஆயினும் பள்ளியில் இருந்து ஓர் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பங்களித்தவர்களிடம் காட்டக் கணக்கு வேண்டுமல்லவா?

கேள்வி: குடியாத்தம் அருகே ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் பணிபுரிகிறேன். எங்கள் பிள்ளைகளின் பெற்றோரில் பலர் பீடி சுற்றுபவர்கள். உதவ வருபவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் தேவைப்படாதவற்றைக் கொண்டுவருகிறார்கள், பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பொருளைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கிறார்கள். முகம் கோணாமல் எப்படி மறுப்பது?
– ஓர் ஆசிரியை

பதில்: நீங்கள் தனியாக மறுக்க வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பள்ளிக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம், நன்கொடை பெறும்போது பிள்ளைகளைப் படம் எடுக்கலாமா என்பவற்றை அந்தக் குழுக் கூட்டத்தில் பேசித் தீர்மானமாக எழுதிவைத்துவிட்டால், கேட்க வருபவரிடம் தலைமையாசிரியர் அந்தத் தாளை நீட்டினாலே போதும். பட்டியலைத் துல்லியமாக எழுதுங்கள். ‘புத்தகங்கள்’ என்று எழுதினால் எதுவும் வரும். ‘எட்டாம் வகுப்புக்கு, தேசிய வருவாய்வழித் திறன் தேர்வுக்கான பயிற்சி நூல்கள் பத்து’ என்று எழுதினால் அதுதான் வரும். அந்தத் தேர்வில் தேறும் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது. பீடி சுற்றும் தாய்க்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கைடுகள் வேண்டாம் என்று மேலே எழுதிய நானே, இந்த ஒன்றுக்கு விலக்குத் தருகிறேன். உங்கள் பகுதியில் வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசும் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களுக்கான நூல்களையும் பட்டியலில் குறிப்பிடுங்கள்.

படம் எடுப்பதைப் பற்றி நீங்கள் எழுதியதில் நான் முழுமையாக உங்கள் பக்கம். பத்து வயதுப் பெண் குழந்தை, தான் ஒரு பென்சில் பெட்டிக்காக நின்ற படத்தை ஊரெல்லாம் பார்த்ததை எளிதில் மறக்கமாட்டாள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் ‘கல்விச் சீர்’ என்று ஒரு வழக்கம் வந்திருக்கிறது. திருமண வீட்டுக்குச் சீர்வரிசை கொண்டுபோவதுபோல், ஊர் மக்களே தாம்பாளங்களில் நோட்டும் புத்தகமும் கடிகாரமும் நாற்காலியும் ஏந்தி, மேளத்தோடு பள்ளிக்கு வருகிறார்கள். தாய்மாமன் சீரை வாங்கிக்கொள்ள யாரும் கூசுவதில்லை. உதவ வரும் நண்பர்களிடம், தாங்கள் வாங்கியவற்றை முந்தின நாளே பெற்றோரிடம் கொடுத்துவிட்டு, சீர் வரும் கூட்டத்தில் தாங்களும் ஒரு தட்டு ஏந்தி நடக்குமாறு கேட்டுப் பாருங்கள். வந்த பொருள்களை அன்றே இருப்புப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு, கதைப் புத்தகங்களைப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில், கயிறு கட்டியாவது தொங்கவிடுங்கள். கிழிந்துவிடும் என்று பீரோவில் பூட்ட வேண்டாம்.