இறக்குமதி வரி அடிக்கடி மாறினால் உள்ளூர் ஆலைகளுக்கு அப்படி என்ன ஆகிவிடும்?

கேட்டிருப்பது இதுதான்: "பஞ்சு மீதான இறக்குமதி வரியை அரசு எடுத்தால் மில்லுக்கு லாபம், திரும்பப் போட்டால் கொஞ்சம் நஷ்டம். இதனால் முதலீடும் வேலையும் பாதிக்கும் என்பது மிகையான பேச்சு இல்லையா?"

மிகை இல்லை. உடுமலைப்பேட்டை பக்கம் ஒரு நூற்பாலையில் 14 வருடமாகப் பஞ்சு கொள்முதல் பார்க்கிறேன். 18,000 கதிர் (நூல் நூற்கும் ஸ்பிண்டில்) ஓடும் நடுத்தர மில். வரி 11 சதவீதமா பூஜ்யமா என்பதைவிட, அது எந்தத் தேதி வரைக்கும் என்று தெரியாததுதான் எங்களை முடக்குகிறது. எப்படி என்று சொல்கிறேன்.

பஞ்சுக்கு 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் வரி வந்தது. சுங்கவரி 5, விவசாய உள்கட்டமைப்பு செஸ் 5, இரண்டுக்கும் மேல் சமூக நலக் கூடுதல் வரி, எல்லாம் சேர்த்து 11 சதவீதம். அடுத்த வருடமே உலகச் சந்தையில் பஞ்சு விலை தலைதெறிக்க ஏறியது. 2022 மே மாதம் ஒரு கண்டி, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலை தாங்காமல் திருப்பூரே இரண்டு நாள் கடையடைத்து நின்றது. அதற்கு ஒரு மாதம் முன்னால், ஏப்ரல் 14ல், வரியை செப்டம்பர் 30 வரை எடுத்தார்கள். பிறகு அக்டோபர் 31 வரை நீட்டித்தார்கள். அப்புறம் வரி திரும்ப வந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் மிக நீண்ட இழைப் பஞ்சுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. 2025 ஆகஸ்ட் 19 முதல் எல்லாப் பஞ்சுக்கும் விலக்கு, ஆனால் செப்டம்பர் 30 வரை மட்டும். பத்து நாள்கூட ஆகவில்லை, 28ஆம் தேதி அதை டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள்.

அந்த ஆகஸ்ட் மாதத்தை மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள்.

அறிவிப்பு வந்த அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு முதலாளி போன் செய்தார். "வரியை எடுத்துட்டாங்களாம், பாத்தீங்களா?" என்றார். பார்த்திருந்தேன். அவர் குரலில் சந்தோஷம் இருந்தது. எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது நாள்கணக்குதான். செப்டம்பர் 30க்கு ஆறே வாரம். பிரேசிலிலோ மேற்கு ஆப்பிரிக்காவிலோ இன்று ஆர்டர் போட்டால், அங்கே கன்டெய்னர் ஏற்றி, கொழும்பில் கப்பல் மாறி, தூத்துக்குடி வந்து சேர ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதம் ஆகும். பில் ஆஃப் என்ட்ரியை, அதாவது சுங்கத்தில் கொடுக்கும் இறக்குமதிப் பத்திரத்தை, முன்கூட்டியே போட்டு வைத்தாலும், கப்பல் துறைமுகத்துக்குள் வந்த தேதியில் இருக்கும் வரிதான் கணக்கு. ஒரு நாள் தாமதமானாலும் 11 சதவீதம் நம் தலையில் விழும். ஆக, அந்த விலக்கு ஏற்கெனவே கடலில் வந்துகொண்டிருந்த சரக்குக்கும், துறைமுகத்தில் வரி கட்டாமல் சரக்கை வைத்திருக்கும் பாண்டட் குடோனில் வைத்திருந்தவர்களுக்கும்தான் உதவியது. எங்களைப் போல் அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஆர்டர் போட நினைத்தவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை.

நீட்டிப்பு வரும் என்று முன்பே சொல்லியிருந்தால் 19ஆம் தேதியே ஆர்டர் போட்டிருப்போம். 28ஆம் தேதி நீட்டித்தபோது வெளிநாட்டு விலை ஏறியிருந்தது. இந்தியாவிலிருந்து வாங்க வருகிறார்கள் என்று தெரிந்தால் விற்பவன் சும்மா இருப்பானா?

11 சதவீதம் என்றால் எவ்வளவு பணம் என்று ஒரு கணக்கு. கண்டி 55,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வரி ஏறத்தாழ 6,000. கிலோவுக்கு 17 ரூபாய். பஞ்சு முழுவதும் நூலாகிவிடாது, கழிவு போகும், அதனால் ஒரு கிலோ நூலில் இது இன்னும் கூடும். எங்கள் மில்லில் நல்ல மாதத்தில் ஒரு கிலோ நூலுக்கு நிற்கும் லாபம் பத்து ரூபாயைத் தொடாது. லாபத்தைவிடப் பெரிய தொகை ஒன்று ஒரே ராத்திரியில் வரலாம், போகலாம் என்றால் யார் துணிந்து கொள்முதல் செய்வார்கள்?

வரி மாறுவதற்கு முன்னால் வரும் வதந்தி இன்னொரு தொல்லை. "அடுத்த வாரம் வரியை எடுக்கப் போகிறார்களாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தால் போதும், திருப்பூரில் நூலைத் துணியாகப் பின்னும் நிட்டிங்காரர்கள் நூல் எடுப்பதை நிறுத்திவிடுவார்கள். விலை இறங்கட்டும் என்று காத்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நானும் பஞ்சு வாங்குவதை அப்படித்தான் நிறுத்தி வைப்பேன். குடோனில் விற்காத நூல் பெட்டிகள் கூரை வரை ஏறும். பாங்கில் ஓவர்டிராஃப்ட் வரம்பு தீர்ந்துபோகும். சில சமயம் அந்த வதந்தி பொய்யாகிவிடும். அதற்குள் மூன்று வாரம் போயிருக்கும். அதற்கான வட்டியை யார் தருவார்கள்?

இப்போது முதலீட்டுக்கு வருகிறேன். எங்களுடைய ரிங் ஃபிரேம்களில், அதாவது நூல் நூற்கும் இயந்திரங்களில், பாதி இருபது வருடப் பழசு. கரண்ட் அதிகம் இழுக்கும், நூல் அறுந்துபோவதும் அதிகம். மாற்ற வேண்டும் என்று கோவையிலிருந்து கொட்டேஷன் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. வாங்கினால் பாங்குக் கடனை ஏழெட்டு வருடம் கட்ட வேண்டும். கடன் கேட்டுப் போனால் ஐந்து வருடத்துக்கு வரவு செலவு எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். மூலப்பொருள் என்ற இடத்தில் என்ன விலை எழுதுவது? எங்கள் செலவில் பாதிக்கும் மேல் பஞ்சுதான். வரியோடு எழுதினால் திட்டம் நஷ்டம் காட்டுகிறது, வரியில்லாமல் எழுதினால் லாபம் காட்டுகிறது. பாங்க் மேனேஜர் இரண்டையும் பார்த்துவிட்டு, "இதுல எதுங்க நிஜம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. கொட்டேஷன் இரண்டு தடவை புதுப்பித்தாகிவிட்டது, ஒவ்வொரு முறையும் விலை ஏறித்தான் வருகிறது.

நஷ்டம் என்று உறுதியாகத் தெரிந்தால்கூட மனிதன் ஒரு முடிவெடுப்பான். வெளிநாட்டுப் பஞ்சு வேண்டாம், குஜராத், தெலுங்கானாப் பஞ்சுக்கு ஏற்ற கவுண்ட்டில் (நூல் பருமனில்) ஓட்டுவோம் என்று மாறிக்கொள்வான். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை நிலைமை மாறும் என்றால் எதற்கென்று மாறுவது?

வேலை போவதைப் பற்றிக் கேட்டீர்கள். நூற்பாலையில் யாருக்கும் "வேலை நீக்கம்" என்று கடிதம் கொடுப்பதில்லை. மூன்று ஷிப்ட் இரண்டாகும். எங்களிடம் ஒரு வேன் காலையில் நான்கு ஊர் சுற்றிப் பெண்களை ஏற்றி வரும். 2022 கடைசியில் ஒரு ஷிப்டை நிறுத்தியபோது அந்த வேன் கடைசி இரண்டு ஊருக்குப் போவதை நிறுத்தியது, அவ்வளவுதான் நடந்தது. அதில் ஓர் ஊரிலிருந்து டாஃபராக (நிரம்பிய நூல் குழல்களைக் கழற்றுபவராக) வந்துகொண்டிருந்த ஓர் அக்கா 11 வருடம் எங்களிடம் வேலை பார்த்தவர். ஒரு வாரம் கழித்து பஸ் பிடித்து மில் கேட்டுக்கு வந்து, "வேன் எப்பங்க மறுபடி வரும்?" என்று கேட்டார். அடுத்த மாதம் தெரியும் என்றேன். எனக்கே தெரியாததைத்தான் சொன்னேன். ஐந்து மாதம் கழித்து ஷிப்ட் திரும்பத் தொடங்கியபோது அவர் வரவில்லை, தோட்ட வேலைக்குப் போய்விட்டார். ஒடிசாவிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த பையன்களிலும் பாதிப் பேர் திரும்பவில்லை. புதிதாக வந்தவர்களுக்குக் கை பழகவே மூன்று மாதம் ஆனது. இந்த இழப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது.

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கஷ்டம் முழுவதற்கும் பஞ்சு வரி காரணமில்லை. 2022ல் ஏறிய மின்கட்டணம் ஒரு பெரிய அடி. 2023 ஜூலையில் சிறு, நடுத்தர மில்கள் உற்பத்தியை நிறுத்தப் போவதாக அறிவித்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் மின்கட்டணம் ஏறியது என்றால் ஏறியதுதான். அதை விலையில் சேர்த்து, சோலார் போடலாமா காற்றாலை வாங்கலாமா என்று யோசித்தோம், சிலர் போட்டார்கள். வரியைப் பொறுத்து அப்படி ஒரு வேலையும் செய்ய முடிவதில்லை.

பெரிய மில்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஏற்றுமதி செய்பவர்கள் அட்வான்ஸ் ஆதரைசேஷன் என்ற அரசு அனுமதி எடுத்து வரியில்லாமல் பஞ்சு கொண்டுவரலாம். உள்ளூர் நிட்டிங்காரர்களுக்கு நூல் விற்கும் எங்களுக்கு அது பயன்படுவதில்லை. ஆக, வரி ஆடும்போது முதலில் விழுவது சின்ன மில்தான்.

விவசாயியின் பக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. விதர்பாவிலும் தெலுங்கானாவிலும் ஜூன் மாதம் விதை போடும்போது 11 சதவீத வரி இருந்தது. செடி காய் பிடிக்கும் ஆகஸ்டில் அதை எடுத்துவிட்டார்கள். அரசு நிறுவனமான இந்தியப் பருத்திக் கழகம் தன் பஞ்சு விற்பனை விலையை உடனே குறைத்தது. நீண்ட இழைப் பருத்திக்கு 2025-26 ஆதரவு விலை குவிண்டால் 8,110 ரூபாய். ஈரம் அதிகம் என்று கொள்முதல் மையத்தில் திருப்பி அனுப்பினால், விவசாயி கிடைத்த விலைக்கு வியாபாரியிடம்தான் கொடுக்க வேண்டும். மில்லுக்கு உதவி என்று எடுத்த முடிவு எனக்கு நேரத்துக்கு உதவவும் இல்லை, அவருக்குச் சொல்லாமல் அடியும் கொடுத்தது. இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

இது இந்தியாவில் மட்டும் நடப்பதில்லை. 2025 ஏப்ரல் 9ஆம் தேதி அமெரிக்காவில் நாட்டுக்கு நாடு வேறு வேறு வரி அமலுக்கு வந்தது. அன்றைக்கே சீனா தவிர மற்ற நாடுகளுக்கு அதை 90 நாள் நிறுத்தி வைத்தார்கள். எஃகு, அலுமினியத்துக்கு மார்ச்சில் 25 சதவீதம், ஜூன் 4ல் 50. அங்கே எஃகு உருக்குபவர்களுக்கு அது பாதுகாப்பு, எஃகை வாங்கிப் பொருள் செய்பவர்களுக்குச் செலவு. தொழிற்சாலைகளை ஊருக்குத் திரும்பக் கொண்டுவரத்தான் இந்த வரி என்றார்கள். ஒரு தொழிற்சாலை கட்ட இரண்டு மூன்று வருடம் ஆகும், வரி இரண்டு மூன்று மாதத்தில் மாறுகிறது. அதன்பின் வந்த மாதங்களில் அங்கே உற்பத்தித் துறை வேலைகள் கூடவில்லை, குறைந்தன. நம் பஞ்சுக்கு இந்த விலக்கு வந்ததும் அதே ஆகஸ்டில், அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு வரியை 50 சதவீதமாக்கியபோதுதான். அங்கே ஒருவர் எடுத்த முடிவு, அதற்கு இங்கே அவசரமாக ஒரு பதில் முடிவு, நடுவில் நாங்கள்.

என்ன செய்யலாம் என்றால், பருத்தி ஆண்டு அக்டோபரில் தொடங்கி செப்டம்பரில் முடிகிறது. விதைப்புக்கு முன், மே மாதத்தில், அடுத்த செப்டம்பர் வரை வரி இவ்வளவு என்று அறிவித்துவிட்டு அதில் கை வைக்காமல் இருக்க வேண்டும். அறுவடை மாதங்களில் வரி இருக்கட்டும், வரத்து குறையும் ஏப்ரலிலிருந்து விலக்கு இருக்கட்டும் என்றாலும் சரிதான். எனக்கு பூஜ்யம்தான் வேண்டும் என்பதில்லை.

இதை எழுதும் இன்று 2025 டிசம்பர் 16. விலக்கு முடிய 15 நாள் இருக்கிறது. மறுபடி நீட்டிப்பார்களா என்று அறிவிப்பு எதுவும் இல்லை. காலையில் தூத்துக்குடி ஏஜென்ட் கூப்பிட்டார். எங்கள் நான்கு கன்டெய்னர் கொழும்பில் இறங்கிவிட்டதாம், அடுத்த கப்பலில் இடம் கிடைத்தால் 30ஆம் தேதி வரும், இல்லையென்றால் ஜனவரி 3. "இன்னும் ரெண்டு லாட் சகாயமா வருது, புக் பண்ணட்டுங்களா?" என்று கேட்டார். முதலாளியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவரும் 31 தாண்டட்டும் என்றுதான் சொல்வார்.