இரண்டு கிலோ விளமீன்: பொரித்தால் ஏன் உடைகிறது?

கேள்வி: குளச்சலில் இரண்டு கிலோ விளமீன் வாங்கினேன். துண்டம் போட்டுப் பொரித்தால் சட்டியில் ஒட்டி உதிர்கிறது. குழம்பில் போட்டதும் கரைந்துபோனது. மீனில் குறையா, கையில் குறையா? (தக்கலை வாசகி)

பதில்: இரண்டிலும் இருக்கலாம்.

முதலில் மீன். வாங்கியது விளமீன்தானா என்று கன்னத்தைத் தடவிப் பாருங்கள். விளமீனுக்கு அங்கே செதில் கிடையாது, வழவழவென்று இருக்கும். செப்பிலி என்ற மீனுக்குக் கன்னத்திலும் செதில் உண்டு. அடுத்து, அது பிடிபட்ட விதம். விளமீன் கடலடிப் பாறைத்திட்டுகளான பார்களை ஒட்டி வாழ்வது. தூண்டிலில் ஏறியது என்றால் செதில் உதிராமல், வாயோரம் தூண்டில் முள் தைத்த காயத்தோடு இருக்கும். இழுவைமடியில் (விசைப்படகு கடலடியில் இழுக்கும் வலை) வந்தது மற்ற மீன்களின் பாரத்தில் நசுங்கி வருவதால் சதை தளர்ந்துவிடும். அதை எப்படிப் பொரித்தாலும் உதிரத்தான் செய்யும். தூண்டில் மீனுக்கு ஐம்பது ரூபாய் கூடுதலாகக் கேட்டால் கொடுக்கலாம். சதையும் நன்றாயிருக்கும், பாரும் அரைபடாது. ஆனால் தூண்டில் மீன்தானே என்று கால் கிலோ குஞ்சுகளை வாங்காதீர்கள். மெதுவாக வளரும் மீன் இது. அந்த அளவில் பெரும்பாலும் ஒருமுறைகூட முட்டையிட்டிருக்காது.

மீன்பிடித் தடைக்காலத்திலும் இது கிடைக்கும். கிழக்குக் கடல் பக்கமுள்ள சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கடலில் குளச்சல் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகள்தான் போகாது. நாட்டுப்படகான வள்ளத்தில் போய்ப் பிடிக்கும் தூண்டில் மீன் வரும், ஆனி மாதக் கடல் கொந்தளிக்காமல் வழிவிட்டால்.

இனி கை. சாளை (மத்தி), அயலையில் உள்ள நெய், அதாவது கொழுப்பு, விளமீனில் இல்லை. சதை அடுக்கடுக்காக இருக்கும். அடுக்குகளைப் பிடித்திருக்கும் மெல்லிய சவ்வு சூட்டில் சீக்கிரம் கரைந்துவிடும். அதனால் முழு மீனையும் ஒரே கறிக்குப் போடாமல் பிரித்துக்கொள்ளுங்கள். தலையும் கழுத்துப் பகுதியும் குழம்புக்கு, நடுத்துண்டம் பொரிக்க, வாலும் வயிற்றுப் பகுதியும் துவரனுக்கு (உதிர்த்த மீனில் செய்யும் உலர்ந்த கறி).

பொரிக்கும் துண்டம் ஒன்றரை சென்டிமீட்டர் கனம் இருக்கட்டும். கழுவியதும் துணியால் ஈரத்தை ஒற்றியெடுங்கள். பெரும்பாலோர் விடுவது இதைத்தான். ஈரம் இருந்தால் மீன் பொரியாது, வேகும். வெந்த மீன் சட்டியை விடாது. அரைக் கிலோ துண்டத்துக்கு மிளகாய்த்தூள் ஒன்றரை தேக்கரண்டி, நல்லமிளகுத்தூள் அரை, மஞ்சள்தூள் கால், உப்பு ஒன்று. பிரட்டி இருபது நிமிடம் ஊறினால் போதும். எலுமிச்சைச் சாறு ஊற்றி மணிக்கணக்கில் வைத்தால் சதை பொடியாகிவிடும். தேங்காய் எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகே துண்டத்தை வைத்து, மிதமான தீயில் நான்கு நிமிடம் தொடாமல் விடுங்கள். அடி மொரமொரப்பானதும் அதுவே சட்டியை விடும். கரண்டியால் நெம்பவேண்டி வந்தால் இன்னும் நேரமாகவில்லை என்று அர்த்தம். மறுபுறத்துக்கு மூன்று நிமிடம்.

குழம்புக்கு, தேங்காய் அரைப்பும் புளியும் (மேற்குப் பக்கத்தில் குடம்புளி) நன்றாகக் கொதித்து வாசம் மாறிய பிறகே மீன் போடவேண்டும். தலையை முதலில் போட்டு, ஐந்து நிமிடம் கழித்து மற்ற துண்டங்கள். பிறகு ஆறு நிமிடம். கரண்டி விடாமல் சட்டியைத் தூக்கிச் சுழற்றுங்கள். மண்சட்டி என்றால் ஒரு நிமிடம் முன்னாலேயே அடுப்பை அணைக்கலாம். மிச்சத்தை அதன் சூடே பார்த்துக்கொள்ளும்.

மாங்காய்க் காலத்தில் விளமீனுக்கு அவியலே பொருத்தம் என்பது எங்கள் கட்சி. காரமும் புளியும் மட்டாக இருப்பதால் மீனின் இனிப்பு தெரியும். அரைக் கிலோவுக்கு அரைமூடித் தேங்காய், ஐந்து பச்சைமிளகாய், எட்டு சின்ன உள்ளி, அரைத் தேக்கரண்டி சீரகம், கொஞ்சம் மஞ்சள் சேர்த்துக் கொரகொரவென அரைத்து, மீனோடு அரை மாங்காயும் அரைக் கப் தண்ணீரும் சேர்த்து எட்டு நிமிடம். இறக்கும்போது பச்சைத் தேங்காய் எண்ணெயும் கறிவேப்பிலையும். மரச்சீனிக் கிழங்கோடு சாப்பிடலாம்.

துவரனுக்கு உப்பும் மஞ்சளும் போட்டு ஏழு நிமிடம் ஆவியில் வேகவைத்து உதிர்த்தால் போதும். முள் பெரிது என்பதால் எளிதில் எடுத்துவிடலாம்.

மிச்சத்தை ஃப்ரீசரில் வைத்தால் அடுத்த முறை பொரிக்க எடுக்காதீர்கள். வீட்டு ஃப்ரீசர் மெதுவாக உறையவைப்பதால் பெரிய பனித்துகள்கள் உண்டாகிச் சதையைக் கிழிக்கும். உருகும்போது நீர் வடிந்து துண்டம் தொளதொளத்துவிடும். அதை முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இறக்கிவைத்து, மறுநாள் துவரனுக்குப் பயன்படுத்துங்கள்.