படித்த பிள்ளை வீட்டிலேயே முடங்கிவிட்டால்: கேள்வி பதில்

பதினெட்டு வருடமாக மனநல சமூகப் பணியாளராக இருக்கிறேன். படிப்பும் முடியாமல் வேலைக்கும் போகாமல் வீட்டில் முடங்கிவிட்ட பிள்ளைகளைப் பற்றி இரண்டு வாரமாக வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (கோவையிலிருந்து ஒரு அம்மா): மகனுக்கு 24 வயது. பி.இ. மெக்கானிக்கலில் நாலு அரியர். இரண்டு வருஷமாக வீட்டில்தான். விடிய விடிய போன், எழுந்திருப்பது மதியம். அவங்க அப்பா திட்டித் தீர்க்கிறார். நான் சாப்பாட்டுத் தட்டை அவன் அறையில் கொண்டுபோய் வைக்கிறேன். என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் அந்தத் தட்டை அறைக்குக் கொண்டுபோவதை நிறுத்துங்கள், அம்மா. சோறு போடாதீர்கள் என்று சொல்லவில்லை. அடுப்படியில் மூடி வையுங்கள். பசித்தால் வந்து போட்டுச் சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்க்கட்டும். முதல் இரண்டு நாள் உங்களுக்குத்தான் தூக்கம் வராது. (தொடங்குவதற்கு முன் அடுத்த பதிலையும் படித்துவிடுங்கள்.)

அப்புறம் ஒரு வேலையை முழுசாக அவனிடம் விடுங்கள். ‘கொஞ்சம் ஒத்தாசை பண்ணுடா’ என்றால் நடக்காது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிற கரண்ட் பில் இருக்கிறதே, அது போதும். பணம் உங்களுடையது. தொகையைப் பார்ப்பது, கடைசித் தேதிக்குள் கட்டுவது, ரசீதை எடுத்து வைப்பது எல்லாம் அவன் பொறுப்பு. நீங்கள் ஞாபகப்படுத்தவே கூடாது. நாள் தவறி அபராதம் விழுந்தால் அவன் கைச்செலவுக் காசில் கழித்துக்கொள்ளுங்கள், திட்டாமல்.

நாலு அரியரையும் ஒரே மூச்சில் எழுதச் சொன்னால் மிரண்டுபோய் ஒன்றுக்குக்கூடப் பணம் கட்டமாட்டான். வருகிற செமஸ்டரில் ஒரே ஒரு பேப்பர். எது என்று அவனே சொல்லட்டும். அவங்க அப்பாவிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்: சாப்பாட்டு நேரத்திலாவது திட்டாதீர்கள். திட்டு விழும் என்று தெரிந்தால் அடுப்படிப் பக்கம் யார் வருவார்?

கேள்வி (திருச்சி): சோம்பேறித்தனமா, நோயா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ‘சோம்பேறி’ என்ற சொல்லை நான் கடைசியில்தான் எடுப்பேன். தூக்கம், சாப்பாடு, குளியல், நண்பர்களோடு பேச்சு எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் குலைந்து கிடந்தாலோ, தனக்குத்தானே பேசினாலோ, வீட்டாரையே சந்தேகப்பட்டாலோ மருத்துவரைப் பாருங்கள். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாமல் அன்றைக்கே கூட்டிப்போங்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஓபி சீட்டு போட்டால் போதும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம்.

கோயிலுக்கு என்று பொய் சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள். அந்த ஒரு பொய்க்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டார்கள். வர மறுத்தால் முதலில் நீங்கள் மட்டும் போய் மருத்துவரிடம் பேசுங்கள். பதினெட்டு வயது தாண்டியவர் சொல்வதை அவர் சம்மதமில்லாமல் மருத்துவர் உங்களிடம் சொல்லமாட்டார். அதில் வருத்தப்படாதீர்கள்.

கேள்வி (மதுரை): மகளுக்கு 27. யுபிஎஸ்சி மூன்று முறை எழுதி ப்ரிலிம்ஸ் தாண்டவில்லை. நிறுத்தச் சொல்ல மனசு வரவில்லை.

பதில்: பொதுப் பிரிவில் 32 வயதுவரை ஆறு முறை, ஓபிசிக்கு 35 வயதுவரை ஒன்பது முறை எழுதலாம். விதி இடம் கொடுக்கிறது என்பதற்காக அத்தனை வருடமும் போகவேண்டியதில்லை. ரிசல்ட் வந்த அன்று இதைப் பேசாதீர்கள், அன்று யாருக்கும் நிதானம் இருக்காது. இப்போதே உட்கார்ந்து, இன்னும் எத்தனை அட்டெம்ட், அதற்குள் கிடைக்காவிட்டால் எந்த மாதத்திலிருந்து என்ன வேலை என்று மகளையே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். படிக்கும்போதே நாளுக்கு மூன்று மணி நேரம் ட்யூஷன் எடுத்தால் படிப்பு கெடாது. கையில் சொந்தக் காசு இருந்தால் முகமே தெளியும், நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (சேலத்திலிருந்து ஒரு அப்பா): மகன் லோன் ஆப்பில் கடன் வாங்குகிறான். இரண்டு தடவை அடைத்துவிட்டேன்.

பதில்: மூன்றாவது தடவை அடைக்காதீர்கள், சார். வயது வந்த மகனின் கடனுக்கு, ஜாமீன் கையெழுத்தோ கூட்டுக் கையெழுத்தோ போடாதவரை, நீங்கள் பொறுப்பில்லை. மிரட்டல் போன் வந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ல் புகார் செய்யுங்கள். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து யாருக்கு எவ்வளவு என்று அவனோடு கணக்குப் போடுங்கள், அது அப்பா செய்யவேண்டிய வேலை.

கேள்வி: கல்யாண வீட்டில் எல்லோரும் ‘பையன் என்ன பண்றான்?’ என்கிறார்களே?

பதில்: ‘வீட்டில்தான் இருக்கான், பார்த்துக்கிட்டு இருக்கான்.’ இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

கேள்வி (அதே கோவை அம்மா): தட்டை நிறுத்திவிட்டேன். நாலாவது நாள் ராத்திரி பதினொரு மணிக்கு அடுப்படியில் சத்தம். தோசை சுட்டுக்கொண்டிருந்தான். ‘உனக்கும் ஒண்ணு ஊத்தவா?’ என்றான். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

பதில்: சாப்பிட்டீர்கள்தானே, அம்மா? அன்றைக்கு அரியர் பேச்சை எடுக்காமல் இருந்திருந்தால் ரொம்ப நல்லது. நாளைக்கும் எடுக்காதீர்கள். மாவு தீர்ந்துவிட்டால் அரிசி எங்கே இருக்கிறது, எவ்வளவு ஊறப்போட வேண்டும் என்று மட்டும் காட்டுங்கள்.