டாஷ்ஹண்டுக்கு முதுகுவலி: அக்குபங்சர் செய்யலாமா?

கேள்வி: எங்கள் வீட்டு டாஷ்ஹண்ட் நாய் ரோமியோவுக்கு ஐந்து வயது. நான்கு நாளாக முதுகைக் கூனிக்கொண்டே நிற்கிறான், தூக்கினால் கத்துகிறான். நேற்றிலிருந்து பின்னங்கால்கள் தள்ளாடுகின்றன. பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டு, டிஸ்க் பிரச்சினையாக இருக்கலாம், ஆபரேஷன்கூடத் தேவைப்படலாம் என்றார்கள். பயமாக இருக்கிறது. தெரிந்தவர்களில் ஒருவர் அக்குபங்சருக்குப் போகச் சொல்கிறார். இன்னொருவர் நாய்க்குக் கைரோபிராக்டிக் (முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சொடுக்கெடுப்பது) செய்யும் வீடியோவை அனுப்பி, எலும்பு விலகியிருக்கிறது, ஒரு சொடுக்கில் சரியாகிவிடும் என்கிறார். எதற்குப் போகலாம்?
— வாசகி, சென்னை

பதில்: சொடுக்கு எடுப்பது வேண்டவே வேண்டாம். அக்குபங்சர் செய்யலாம், ஆனால் அது முதல் வேலை இல்லை. கால் தள்ளாட ஆரம்பித்துவிட்டதால், அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள ஒரு கால்நடை மருத்துவமனைக்கு ரோமியோவை இன்றே கொண்டுபோங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்கு எட்டும் தூரம்தான்.

ஏன் அவசரப்படுத்துகிறேன் என்று சொல்கிறேன். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்கின் உட்பகுதி இளநுங்கு மாதிரி மெத்தென்று இருக்க வேண்டும். டாஷ்ஹண்டுகளுக்கு அது சின்ன வயதிலேயே கடுக்காய் நுங்காக முற்றி, சுண்ணாம்பு படிந்து இறுகிவிடுகிறது. அப்புறம் சோபாவில் இருந்து ஒரு குதி குதித்தாலே போதும். வெளிச்சுவர் கிழிந்து, உள்ளே இருப்பது மேலே பீறிட்டுத் தண்டுவடத்தில் மோதும். காரணம் பிறப்பிலேயே இருக்கிறது. 12ஆவது குரோமோசோமில் ஒரு மரபணுவின் கூடுதல் பிரதி இருப்பதுதான் இதற்குக் காரணம் என்று 2017இல் கண்டுபிடித்தார்கள். டாஷ்ஹண்டுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று வாழ்நாளில் ஒருமுறையாவது இதில் மாட்டுகிறது. ஆகவே, நாம் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லையோ என்று உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

இதில் எலும்பு எங்கும் விலகவில்லை என்பதைக் கவனியுங்கள். விலகாத எலும்பை எதற்குத் தட்டி நேராக்குவது? கைரோபிராக்டிக் 1895இல் அமெரிக்காவில் மனிதர்களுக்காகத் தொடங்கிய முறை. அந்த ‘டக்’ சத்தம் மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாவதால் வருவது, எலும்பு இடத்தில் போய் உட்கார்ந்த சத்தம் இல்லை. நாய்களுக்கு இதனால் பலன் உண்டு என்று நம்பும்படியான ஆதாரத்தை நான் பார்த்ததில்லை. வயதான நாயின் இறுகிப்போன தசையை மெதுவாக நீவி, கால்களை மடக்கி நீட்டுவது வேறு விஷயம், அதை பிசியோதெரபியில் நாங்களே செய்கிறோம். ஆனால் கிழிந்த டிஸ்க் உள்ள முதுகை முறுக்கினால், மிச்சம் இருப்பதும் தண்டுவடத்தின் மேல் வந்து விழலாம். இன்று தள்ளாடி நடக்கும் நாய் நாளை எழுந்திருக்க முடியாமல் போய்விடும். வீடியோவில் குதித்து ஓடும் நாய்க்கு என்ன நோய் இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

மருத்துவமனையில் முக்கியமாகப் பார்ப்பது காலில் உணர்ச்சி இருக்கிறதா என்பதைத்தான். பாதத்தைப் புரட்டி மேல்பக்கம் தரையில் படும்படி வைப்பார்கள். நல்ல நாய் உடனே பாதத்தைத் திருப்பி வைத்துக்கொள்ளும். நடை அறவே நின்றுபோனால், விரல் எலும்பை இடுக்கியால் அழுத்திப் பார்ப்பார்கள். இங்கேதான் வீட்டுக்காரர்கள் ஏமாறுவது. காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டால் உணர்ச்சி இருக்கிறது என்று சந்தோஷப்படுவார்கள். தண்டுவடம் துண்டானாலும் அந்த இழுப்பு வரும். நாய் திரும்பிப் பார்க்க வேண்டும், கத்த வேண்டும், கடிக்க வர வேண்டும். அப்போதுதான் வலி மூளைவரை போகிறது என்று அர்த்தம்.

அந்த ஆழ்ந்த வலியுணர்ச்சி இருக்கும்போது அறுவை சிகிச்சை செய்தால் பத்தில் ஒன்பது நாய்கள் மறுபடி நடக்கின்றன. அது போய்விட்டால் வாய்ப்பு பாதிக்குப் பாதிதான், அதுவும் சீக்கிரம் செய்தால். தள்ளாட்டத்தோடு நிற்கும் ரோமியோ மாதிரி நாய்கள் பல, ஆபரேஷன் இல்லாமல் கடுமையான ஓய்விலேயே தேறிவிடும். டிஸ்க் தண்டுவடத்தை அழுத்துகிறதா என்பது சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. ஆபரேஷன் என்று முடிவானால் எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள்.

சரி, அக்குபங்சருக்கு வருகிறேன். மிக மெல்லிய ஊசிகளை முதுகெலும்பின் இரு பக்கமும், இடுப்பு சேரும் இடத்திலும், பின்னங்காலிலும் செருகி, இருபது நிமிடம் போல விட்டுவைப்பார்கள். சில ஊசிகளில் கிளிப் மாட்டி மெல்லிய மின்சாரம் கொடுப்பதும் உண்டு. பெரும்பாலான நாய்கள் முதல் சில நிமிடங்களுக்குப் பிறகு அப்படியே கண்சொக்கிப் படுத்துவிடும். நரம்பைத் தூண்டி, உடலே சுரக்கும் வலிநிவாரணிகளை வரவழைக்கிறது என்பதுதான் இதற்கு நாங்கள் ஏற்கும் விளக்கம். பிரேசிலில் 40 நாய்களை வைத்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், நாள்பட்ட கடுமையான டிஸ்க் பாதிப்புக்கு மின் அக்குபங்சர் கொடுத்த 19 நாய்களில் 15 தேறின. அறுவை சிகிச்சை மட்டும் செய்துகொண்ட 10 நாய்களில் 4தான் தேறின. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எண்ணிக்கை சிறியது, அறுவை சிகிச்சை நாய்களின் விவரம் பழைய கோப்புகளில் இருந்து எடுத்தது. இதைக் காட்டி ஆபரேஷனைத் தள்ளிப்போட யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வலி குறையவும், தேறும் காலத்தில் துணையாகவும் அக்குபங்சரைச் சேர்த்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அதைப் பதிவு பெற்ற கால்நடை மருத்துவரிடம் மட்டும் செய்யுங்கள். 1984ஆம் ஆண்டு கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி சிகிச்சை செய்யும் உரிமை அவர்களுக்குத்தான். ஊசி வைக்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் அதிகம், அதில் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்துவிடும். பார்வைக்கு நன்றாக இருக்கும் நாய்க்குக்கூட ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளும்.

ஆபரேஷன் உண்டோ இல்லையோ, ஓய்வில் விட்டுக்கொடுக்காதீர்கள். குறைந்தது நான்கு வாரம் கூண்டு ஓய்வு வேண்டும். எழுந்து திரும்பிப் படுக்க இடம் இருந்தால் போதும், குதிக்க இடம் இருக்கக் கூடாது. ஒரு வாரம் போனதும் வலி குறைந்து ரோமியோ வாலாட்டுவான், வெளியே விடச் சொல்லிக் கெஞ்சுவான். மனம் இளகி விட்டுவிடுவதால்தான் பல நாய்கள் இரண்டாம் முறை விழுகின்றன. சிறுநீர் கழிக்க மட்டும் நெஞ்சைச் சுற்றிக் கட்டும் பெல்ட் போட்டு வெளியே கொண்டுபோங்கள், கழுத்துப் பட்டையில் இழுக்க வேண்டாம். தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கு அடியில், மறு கை பின்பக்கத்துக்கு அடியில், முதுகு நேராக இருக்கட்டும். டைல்ஸ் தரையில் ரப்பர் பாய் விரியுங்கள்.

வீட்டில் இருக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் எதையும் கொடுக்கக் கூடாது. போட்ட ஊசி ஸ்டீராய்டா என்று கிளினிக்கில் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். ஸ்டீராய்டின் மேல் வேறு வலி மாத்திரை சேர்ந்தால் வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியும்.

இன்னொன்று, அவன் சிறுநீர் கழிக்கிறானா என்று பாருங்கள். எட்டு மணி நேரமாகப் போகவில்லை என்றாலோ, பின்னங்காலை இழுத்துக்கொண்டு நகர்ந்தாலோ, இரவு என்று பார்க்காமல் உடனே வண்டியில் ஏற்றுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட வேண்டாம்.